சும்மா கிடக்கும் கேமராவை வெப்கேமாக்குதல்: இரண்டு மணி நேரம் நிற்கும் படத்துக்கான அமைப்பு

மடிக்கணினியின் மேல்விளிம்பில் பதித்த வெப்கேமின் சென்சார் சில மில்லிமீட்டர் அகலம்தான். லென்ஸ் மாற்றும் கேமராக்களில் பரவலாக உள்ள ஏபிஎஸ்-சி அளவு சென்சார் பெரும்பாலும் 23.5 மி.மீ. அகலம். மங்கலான அறையிலும் முகத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் விழாமல் இருப்பதற்கும், பின்னால் உள்ள அலமாரி இதமாகக் கலங்கித் தெரிவதற்கும் முதல் காரணம் இந்த அளவு வித்தியாசம். பழைய டிஎஸ்எல்ஆரோ மிரர்லெஸ்ஸோ கையில் இருந்தால் அதன் படத்தைக் கணினியில் வரவழைக்கப் பத்து நிமிடம் போதும். சிரமம் அதற்குப் பிறகுதான். நிலைப்படக் கேமரா கொஞ்ச நேரம் விழித்து, படம் எடுத்து, மறுபடி தூங்கப் பழகியது. ஒரு நீண்ட கூட்டம் முழுக்க அதை விழித்திருக்க வைப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. மின்சாரம், சூடு, தானாக அணைதல், ஆடும் இணைப்பு ஆகிய நான்கும்தான் காலை வாரும்.

வாங்கும் முன் ஒரு சோதனை

கேப்சர் கார்டு (எச்டிஎம்ஐ படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் சிறு கருவி), டம்மி பேட்டரி எதையும் வாங்குவதற்கு முன், கேமராவின் எச்டிஎம்ஐ துளைக்குப் பொருந்தும் கேபிள் ஒன்றை மட்டும் எடுத்துக் கேமராவைத் தொலைக்காட்சியுடன் இணைத்துப் பாருங்கள். துளை மூன்று வகை: முழு அளவு, மினி, மைக்ரோ. மினியும் மைக்ரோவும் பார்வைக்குக் குழப்பும். மைக்ரோ, கைப்பேசிகளில் இருந்த பழைய மைக்ரோ யூஎஸ்பி அளவுக்குச் சிறியது.

கேமராவை வீடியோ முறைக்கு மாற்றுங்கள். நிலைப்பட முறையில் விட்டால் பல கேமராக்கள் 3:2 விகிதப் படத்தை இருபுறமும் கறுப்புப் பட்டையோடு அனுப்பும். இப்போது திரையில் ஷட்டர் எண், பேட்டரிச் சின்னம், கவனச் (ஃபோகஸ்) சதுரம் எல்லாம் படத்தின் மேல் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் மெனுவில் எச்டிஎம்ஐ இன்ஃபோ டிஸ்ப்ளே என்றோ அதற்கு நெருங்கிய பெயரிலோ ஒரு வரி இருக்கும், அதை அணையுங்கள். அப்படி ஒரு வரியே இல்லாத மாடல்களில் டிஸ்ப்ளே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் சின்னங்கள் போகக்கூடும். கேனானின் பழைய டிஎஸ்எல்ஆர்கள் சிலவற்றில் மேஜிக் லேண்டர்ன் என்ற இலவசத் துணைமென்பொருள் சின்னங்களை நீக்கிவிடும். எதைச் செய்தும் முகத்தைச் சுற்றிய சதுரம் மட்டும் போகாவிட்டால், முகம் கண்டறியும் வசதியை அணைத்தால் அதுவும் போய்விடும்.

அடுத்து, எந்தப் பொத்தானையும் தொடாமல் நாற்பது நிமிடம் அப்படியே விடுங்கள். தானாக அணையும் நேரத்தை மெனுவில் முன்கூட்டியே நீக்கியிருக்க வேண்டும். பல கேமராக்களில் இருந்த 29 நிமிடம் 59 நொடி வரம்பு மெமரி அட்டையில் பதிவு செய்வதற்கு மட்டுமே உரியது. அரை மணிக்கு மேல் பதிவு செய்யும் கருவியை வீடியோ கேமரா என்று வகைப்படுத்தி ஐரோப்பியச் சுங்கம் கூடுதல் வரி விதித்ததால் வந்த வரம்பு அது. எச்டிஎம்ஐயில் வெளியே போகும் நேரடிப் படத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனால் சில மாடல்களில், குறிப்பாக டிஎஸ்எல்ஆர்களில், லைவ் வியூவுக்கென்றே (திரையில் தெரியும் நேரடிப் படத்துக்கென்றே) 30 நிமிடத்தில் அணையும் தனிக் கணக்கு உண்டு. அதற்காகத்தான் நாற்பது நிமிடம். உங்கள் கேமரா இதில் தேறவில்லை என்றால் எந்தக் கார்டு வாங்கினாலும் தேறாது. அரை மணிக்கு ஒருமுறை அதன் ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும்.

யூஎஸ்பி வழி

கேமராவே தன்னை வெப்கேம் என்று கணினியிடம் அறிமுகப்படுத்திக்கொள்ளும் யூவிசி வசதி இருந்தால் அதுவே மிக எளிது. கேபிளைச் செருகினால் எந்த மென்பொருளும் இல்லாமல் அழைப்புச் செயலியின் பட்டியலில் கேமரா வந்துவிடும். 2019இல் வந்த சிக்மா எஃப்பியில் இது தொடக்கத்திலிருந்தே இருந்தது. பின்னால் வந்த மிரர்லெஸ்கள் பலவற்றிலும் உண்டு. படத்தின் அளவு மாடலுக்கு மாடல் மாறும். சோனி இசட்வி-இ10 இந்த வழியில் 1280×720 அனுப்பும்.

அந்த வசதி இல்லாதவர்களுக்காக 2020இல் கேனான், ஃபியூஜிஃபில்ம், நிகான், பானசோனிக், சோனி, ஒலிம்பஸ் எல்லாமே தத்தம் வெப்கேம் மென்பொருளை வெளியிட்டன. இவை கேமராவின் பின்திரைக்குப் போகும் லைவ் வியூ படத்தையே எடுத்து வெப்கேம் போலக் காட்டுகின்றன. அதனால் தெளிவு குறைவு. சோனியின் மென்பொருளில் 1024×576தான். ஒலியும் வராது; மைக் தனியாக வேண்டும். ஆனாலும் இதை ஒதுக்கிவிட வேண்டாம். கூட்டு அழைப்பில் எதிர்முனைக்குப் போய்ச் சேரும் படம் பெரும்பாலும் அதைவிடவும் சிறியது. செலவில்லாத வழி ஓடுகிறது என்றால் அதையே வைத்துக்கொண்டு, மிஞ்சும் பணத்தை விளக்கில் போடுவதுதான் சரி.

இந்த வழியில் வரும் கோளாறுகளில் பாதி, வேறொரு நிரல் கேமராவை முன்பே பிடித்துக்கொள்வதால் வருபவை. கேனானில் இஓஎஸ் யூட்டிலிட்டி பின்னணியில் ஓடினால் வெப்கேம் மென்பொருளுக்குப் படம் கிடைக்காது. கேமராவின் வைஃபை இயங்கினால் சில மாடல்களில் யூஎஸ்பியே செயலற்றுப் போகும். சோனியில் யூஎஸ்பி இணைப்பு முறையை பிசி ரிமோட் என்று வைக்க வேண்டும். மாஸ் ஸ்டோரேஜில் விட்டால் அட்டையில் உள்ள படங்களின் கோப்புறைதான் திறக்கும். மேக்ஓஎஸ் 14.1 முதல், பழைய வகை வீடியோ செருகுநிரல்களை இயங்குதளமே இயல்பாக முடக்கிவிடுகிறது. 2020இல் நன்றாக ஓடிய மென்பொருள் மேம்படுத்தலுக்குப் பிறகு பட்டியலிலேயே தென்படாவிட்டால் இதுதான் காரணம். புதிய முறையில் எழுதப்பட்ட பதிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

லினக்ஸில் ஜிபோட்டோ2 லைவ் வியூவை இழுக்கும். எஃப்எஃப்எம்பெக் அதை வடிவம் மாற்றும். வி4எல்2லூப்பேக் என்ற கர்னல் தொகுதி அதை வெப்கேமாகக் காட்டும். இதில் பலர் இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்வார்கள். யூஎஸ்பி சாதனத்தைக் கைப்பற்ற முடியவில்லை என்ற பிழை வந்தால், கோப்பு மேலாளரின் ஜிவிஎஃப்எஸ் சேவை கேமராவை முன்பே எடுத்துக்கொண்டது. அதை நிறுத்த வேண்டும். படம் ஓடியும் குரோம் உலாவியில் கேமரா தெரியாவிட்டால், வி4எல்2லூப்பேக்கை ஏற்றும்போது எக்ஸ்க்ளூசிவ் கேப்ஸ் மதிப்பை 1 என்று தரவில்லை என்று பொருள்.

எச்டிஎம்ஐ வழியும் கேப்சர் கார்டும்

கிளீன் எச்டிஎம்ஐ, அதாவது சின்னங்கள் இல்லாத படம், கிடைக்கும் கேமராவுக்கு இதுதான் உறுதியான வழி. கேமரா பக்கம் மென்பொருளே கிடையாது. கார்டு யூவிசி சாதனமாகவே வரும். கணினியை மாற்றினாலும் வேலை செய்யும்.

மலிவான டாங்கிள் வகைக் கேப்சர் கார்டுகளில் பெரும்பாலும் இருப்பது எம்எஸ்2109 என்ற சிப். யூஎஸ்பி 3 என்று நீல நாக்கு வைத்து விற்பவற்றிலும் உள்ளே இந்த யூஎஸ்பி 2 சிப்பே இருக்கலாம். கணக்கைப் பாருங்கள். 1920×1080 படம், ஒரு புள்ளிக்கு 2 பைட், நொடிக்கு 30 சட்டகம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 124 மெகாபைட். யூஎஸ்பி 2 நடைமுறையில் தருவது 35 முதல் 40 மெகாபைட். எனவே ஓபிஎஸ் என்ற இலவச வீடியோ மென்பொருளிலோ வேறு செயலியிலோ ஒய்யூஒய்2 என்ற சுருக்காத வடிவம் தேர்வாகியிருந்தால் படம் நொடிக்கு ஐந்து சட்டகமாகத் தத்தித் தத்தி வரும். எம்ஜேபெக் என்ற சுருக்கிய வடிவத்துக்கு மாற்றினால் அதே டாங்கிள் 1080யை 30 சட்டகத்தில் தரும். டாங்கிள் பழுது என்று திருப்பி அனுப்புவதற்கு முன் பார்க்க வேண்டியது இந்த ஒரு தேர்வைத்தான். அழைப்புச் செயலிகளில் வடிவத்தைத் தேர்ந்தெடுக்க இடம் இருக்காது. அங்கே தத்தினால் ஓபிஎஸ் வழியாக எடுத்து, அதன் விர்ச்சுவல் கேமராவை அழைப்புக்குக் கொடுங்கள். 2020இல் வந்த 26ஆம் பதிப்பிலிருந்து அது ஓபிஎஸ்ஸுக்குள்ளேயே இருக்கிறது.

யூஎஸ்பி 2 ஹப்பில் டாங்கிளோடு வெளி வன்வட்டையும் செருகினால், கோப்பு நகலெடுக்கும்போது படம் கிழியும். டாங்கிளுக்குக் கணினியின் சொந்தத் துளை ஒன்றை ஒதுக்குங்கள். அதன் உலோக உடல் நன்றாகவே சூடாகும். காற்றுப் படும்படி 15 செ.மீ. நீட்டிப்புக் கேபிளில் தொங்கவிடலாம்.

மைக்ரோ எச்டிஎம்ஐ துளை இந்த அமைப்பிலேயே மிகவும் நோஞ்சானானது. தடித்த கேபிளின் எடை அதில் தொங்கினால் சில வாரங்களில் படம் விட்டு விட்டு வரும். துளை பலகையிலிருந்து பெயர்ந்தால் பழுதுபார்ப்பது கேமராவைப் பிரிக்கும் வேலை. மெல்லிய, வளையும் கேபிளை வாங்கி, கேமராவுக்குள் போகும் இடத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி அதை ஸ்டாண்டோடு வெல்க்ரோ பட்டையால் கட்டிவிடுங்கள். இழுத்தால் பட்டைதான் இழுபட வேண்டும், துளை அல்ல. மெனுவில் எச்டிஎம்ஐ கட்டுப்பாடு என்ற வரியை அணைத்து, வெளியீட்டை 4கேயிலிருந்து 1080க்கு இறக்கிவிடுங்கள். 4கே அனுப்பினால் சில கேமராக்களில் சட்டகம் ஓரங்களில் வெட்டுப்படும், எல்லாவற்றிலும் சூடு ஏறும். எதிர்முனையில் ஒரு பலனும் இல்லை.

டம்மி பேட்டரி

சாதாரண பேட்டரி லைவ் வியூவில் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் தாங்கும். அதை நம்பி ஒரு நேர்முகத் தேர்வில் உட்கார முடியாது. பேட்டரியின் வடிவத்தில் உள்ளே மின்கலம் இல்லாத ஒரு பெட்டி, அதிலிருந்து வெளியே வரும் வயர், சுவரில் செருகும் அடாப்டர் ஆகியவை சேர்ந்ததுதான் டம்மி பேட்டரி. பேட்டரி மூடியின் ஓரத்தில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மடல் ஒன்று இருக்கும். வயர் வெளிவருவதற்காகவே உள்ளது அது. மூடியை முழுதாகச் சாத்தாவிட்டால் பல கேமராக்கள் எழவே எழா.

பெரும்பாலான மிரர்லெஸ், டிஎஸ்எல்ஆர் பேட்டரிகளில் இரண்டு லித்தியம் கலங்கள் தொடராக இருக்கின்றன: பெயரளவில் 7.2 வோல்ட், முழு மின்னேற்றத்தில் 8.4 வோல்ட். டம்மியின் வெளியீடும் இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். உங்கள் பேட்டரியின் எண்ணுக்கென்றே செய்த டம்மியை வாங்கி, கேமராவுக்குள் போடும் முன் மல்டிமீட்டரால் முனைகளில் அளந்துபாருங்கள். நேர்முனை, எதிர்முனை இடம் சரியா என்பதை அசல் பேட்டரியின் அடையாளங்களோடு ஒப்பிட்டுவிடுங்கள். தலைகீழாக இருந்தால் போவது கேமராவின் மின்பலகை.

சந்தையில் இரண்டு வகை உண்டு. நேரடியாகச் சுவரில் செருகும் அடாப்டர் கொண்டது ஒன்று. யூஎஸ்பியின் 5 வோல்ட்டை வயரில் உள்ள சிறு பெட்டி 8 வோல்ட்டாக உயர்த்திக் கொடுப்பது மற்றொன்று. இரண்டாவதில்தான் புகார் அதிகம். கேமரா 5 வாட் இழுக்கிறது என்று வைத்தால், மாற்றும் இழப்பும் சேர்த்து 5 வோல்ட் பக்கம் 1.2 ஆம்பியர் வேண்டும். கவனம் சரிசெய்ய மோட்டார் சுழலும் நொடியில் இது இன்னும் எகிறும். கணினியின் யூஎஸ்பி 2 துளை தருவது 0.5 ஆம்பியர். கேமரா எழுந்து, லென்ஸ் ஒருமுறை நகர்ந்ததும் அணைந்துவிடுகிறது என்றால் இந்த இறக்கம்தான் காரணம். 5 வோல்ட் 3 ஆம்பியர் தரும் சார்ஜரும் தடித்த, குட்டையான கேபிளும் போட்டால் தீரும். எனக்குக் கேட்டால் முதல் வகையே மேல்.

பழைய பேட்டரியை உடைத்து, கலங்களை எடுத்துவிட்டு வயர் பற்றவைக்கச் சொல்லும் செய்முறைகளும் உலவுகின்றன. அதைச் செய்யாதீர்கள். லித்தியம் கலத்தின் உறை கத்தி முனையில் கிழிந்தால் அங்கேயே தீப்பற்றக்கூடும்.

யூஎஸ்பி-சி துளையுள்ள புதிய கேமராக்களில் ஒரு நுணுக்கம்: அணைந்திருக்கும்போது மின்னேறுவது வேறு, இயங்கும்போது அதிலிருந்தே ஓடுவது வேறு. இரண்டாவதற்கு யூஎஸ்பி பவர் சப்ளை என்ற வரியை இயக்க வேண்டும். அதே துளை வழியே படமும் போகிறது என்றால், கணினி தரும் மின்சாரம் போதாமல், பேட்டரி மெல்ல மெல்லக் கரையக்கூடும்.

சூடு

நேரடிப் படத்தில் சென்சாரும் செயலியும் ஓய்வே எடுப்பதில்லை. திருப்பும் திரை இருந்தால் உடலிலிருந்து விலக்கி வையுங்கள். அதன் பின்னால்தான் வெப்பம் வெளியேறும் பரப்பு. கேமரா உடலுக்குள் இருக்கும் அதிர்வுத்தடுப்பு, சென்சாரைக் காந்தவிசையால் தாங்கிப் பிடித்து இடைவிடாமல் மின்சாரம் தின்னும். ஸ்டாண்டில் நிற்கும் கேமராவுக்கு அது தேவையே இல்லை, அணையுங்கள். சோனியில் ஆட்டோ பவர் ஆஃப் டெம்ப் என்ற வரியை ஹை என்று வைத்தால் எச்சரிக்கை தள்ளிப்போகும். டம்மி பேட்டரி போட்டதாலேயே சூடு குறையும், ஏனென்றால் அசல் பேட்டரியும் ஒரு வெப்ப மூலம்.

லென்ஸ், தூரம், கவனம்

திரையின் மேல்விளிம்புக்கு நேர் பின்னால், கண் மட்டத்தில், லென்ஸின் கீழ்விளிம்பு திரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வையுங்கள். மேசையைக் கவ்வும் கம்பமும் கால் அங்குலத் திருகு கொண்ட பந்துத் தலையும் போதும். முகத்துக்கும் லென்ஸுக்கும் இடையே 70 செ.மீ. அளவில் வரும். அந்தத் தூரத்தில் ஏபிஎஸ்-சியில் 16 மி.மீ. லென்ஸ் ஒரு மீட்டர் அகலத்தைக் காட்டும். அறையின் குப்பையெல்லாம் தெரியும். 24 மி.மீ. 68 செ.மீ. காட்டும், தலையும் தோள்களும் இயல்பாக அமையும். 35 மி.மீ. 47 செ.மீ. நெருக்கமான சட்டகம். 50 மி.மீ. லென்ஸில் 33 செ.மீ.தான், முகம் மட்டுமே நிரம்பி, சற்று அசைந்தாலும் வெட்டுப்படும். கையில் 50 மட்டுமே உண்டென்றால் கேமராவை ஒன்றரை மீட்டர் தள்ளி வைக்க வேண்டும்.

பின்னணி கலங்க வேண்டும் என்ற ஆசையில் லென்ஸின் ஒளித்துளையை (எஃப் எண் குறையக் குறைய அது பெரிதாகும்) முழுதாகத் திறப்பதுதான் பலரும் செய்யும் தவறு. 35 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் 70 செ.மீ. தூரத்தில் வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் மொத்தமே 3 செ.மீ. கண் தெளிந்தால் காது கலங்கும். நாற்காலியில் சாய்ந்தால் முகமே போய்விடும். எஃப் 4இல் அது 6 செ.மீ., எஃப் 5.6இல் 9 செ.மீ. சாதாரண கிட் லென்ஸ் 24 மி.மீ. எஃப் 4இல் 13 செ.மீ.க்கு மேல் தரும். பேசும்போது முன்னும் பின்னும் அசைவது ஏறக்குறைய இவ்வளவுதான்.

கண்ணைப் பின்தொடரும் நம்பகமான தொடர்கவனம் இருந்தால் எஃப் 2.8 வரை போகலாம். பழைய டிஎஸ்எல்ஆரில் லைவ் வியூ கவனம் தேடித் தேடி முன்னும் பின்னும் ஓடும். பார்ப்பவருக்கு அது தலைசுற்றல். அங்கே கைமுறைதான் நல்லது. வழக்கமான நிலையில் உட்கார்ந்து, முகத்துக்கு நேராக எழுத்துள்ள தாள் ஒன்றைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து, லைவ் வியூவைப் பெரிதாக்கிக் கவனத்தை அமையுங்கள். பிறகு லென்ஸ் வளையத்தின் மேல் சிறு ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். மின்மோட்டார் வழியே கவனம் நகரும் லென்ஸ்களில் நாடா பலிக்காது. அணைத்ததும் நிலையை மறந்துவிடும் லென்ஸ்களும் உண்டு. அவற்றுக்கு ஒருமுறை தானாகக் கவனம் பிடிக்க விட்டு, உடனே கைமுறைக்கு மாற்றுங்கள்.

விளக்கின் துடிப்பும் நிறமும்

மின்விளக்குகள் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் போல இரு மடங்கு வேகத்தில் துடிக்கின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஷட்டர் 1/50 அல்லது 1/100. 60 ஹெர்ட்ஸில் 1/60 அல்லது 1/120. இதிலிருந்து விலகினால் படத்தில் பட்டைகள் ஊரும். 50 ஹெர்ட்ஸ் இடத்தில் கேமராவை நொடிக்கு 60 சட்டகத்தில் ஓட்டினால் 1/50 சாத்தியமில்லை, சட்டகத்துக்குள் அவ்வளவு நேரம் இல்லை, 1/100தான் வழி. இவ்வளவு சரிசெய்தும் பட்டை போகாவிட்டால் எல்இடி விளக்கின் ஒளிக்குறைப்பானைப் பாருங்கள். குறைத்து வைத்த எல்இடி பெரும்பாலும் வேறொரு வேகத்தில் அணைந்து எரியும். முழு வெளிச்சத்தில் வைத்து, விளக்கைத் தள்ளி வையுங்கள்.

வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால், திரையில் வெள்ளை ஆவணம் திறக்கும்போதெல்லாம் முகம் ஒரு நிறம் மாறும். விளக்குக்கு ஏற்ற கெல்வின் எண்ணைக் கையால் கொடுங்கள். ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவையும் பூட்டலாம், சன்னல் வெளிச்சம் மாறும் அறை என்றால் தானியங்கியில் விட்டு 3200 என்று உச்சவரம்பு வையுங்கள். பின்னர் நிறம் திருத்துவதற்காக வெளிறிய படம் தரும் லாக் வகைப் பட அமைப்பு வேண்டாம். நேரடி அழைப்பில் அதைப் பின்னர் திருத்த ஆளில்லை. முகம் சாம்பல் பூத்தாற்போல் தெரியும்.

ஒலி முன்னே, உதடு பின்னே

கேப்சர் கார்டு படத்தை ஏறத்தாழ 100 முதல் 200 மில்லிநொடி தாமதப்படுத்தும். மைக் நேரடியாகக் கணினிக்குப் போவதால் குரல் முந்திக்கொள்ளும். அளப்பது எளிது: கைப்பேசியில் நிறுத்துக்கடிகாரத்தை ஓடவிட்டுக் கேமராவுக்குக் காட்டி, கைப்பேசியும் கணினித் திரையும் ஒன்றாகத் தெரியும்படி இன்னொரு கைப்பேசியால் படமெடுங்கள். இரண்டு எண்களின் வித்தியாசமே தாமதம். ஐந்தாறு முறை எடுத்துச் சராசரி பாருங்கள். அந்த எண்ணை ஓபிஎஸ்ஸின் ஒலி அமைப்பில் சிங்க் ஆஃப்செட்டில் இடலாம். ஆனால் ஓபிஎஸ்ஸின் விர்ச்சுவல் கேமரா படத்தை மட்டுமே தரும். தாமதித்த ஒலியை அழைப்புக்குக் கொண்டுபோகத் தனி விர்ச்சுவல் ஆடியோ கேபிள் மென்பொருள் வேண்டும்.

இவ்வளவு மெனக்கெடாமல் தீர்க்க வேண்டுமானால், மைக்கைக் கேமராவின் மைக் துளையில் செருகுங்கள். ஒலியும் படமும் ஒரே எச்டிஎம்ஐயில் சேர்ந்தே வந்துவிடும். எம்எஸ்2109 சில கணினிகளில் தன்னை 96 கிலோஹெர்ட்ஸ் மோனோ என்று அறிவித்துக்கொள்ளும். உண்மையில் அது தருவது 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ. குரல் விசித்திரமாக ஒலித்தால் இதைச் சந்தேகியுங்கள்.

செருகும் வரிசையையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் கேமரா, அது எழுந்ததும் டாங்கிள், கடைசியில் அழைப்புச் செயலி. செயலி திறந்திருக்கும்போது டாங்கிளைப் பிடுங்கிச் செருகினால் அது பழைய இணைப்பையே பிடித்துக்கொண்டு கறுப்புத் திரை காட்டும். செயலியை முழுதாக மூடித் திறக்க வேண்டும். கணினி தூங்கி எழுந்த பின் கறுப்புத் திரை வந்தாலும் இதே வைத்தியம்தான். ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரு செயலிக்குத்தான் டாங்கிள் படம் கொடுக்கும் என்பதால், முன்னோட்டம் பார்க்கத் திறந்த கேமரா செயலியை மூடாமல் அழைப்பில் நுழையாதீர்கள்.